மனு கொடுத்தால் வரும் பஸ்... சொல்லாமல் நின்றுபோகும் பஸ்!

கிராமங்களின் அடுத்த இருபது ஆண்டுப் பயணத்தை யார் திட்டமிடுவது?

திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஆட்சியர் அலுவலக வளாகம் நிரம்பி வழிகிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர், மயானப் பாதை என ஆளுக்கொரு காகிதத்துடன் நிற்கும் வரிசையில், சீருடையும் புத்தகப் பையுமாகச் சில பிள்ளைகள். வகுப்பு தொடங்கியிருக்கும் நேரம் இது. அவர்களுக்குப் பின்னால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்கள். துண்டால் முகத்தைத் துடைத்தபடி இரண்டு பெரியவர்கள். மனுவின் தலைப்பு ஒரே வரி: ‘எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தர வேண்டுதல்.’

தலைப்புக்குக் கீழே எழுதியிருப்பதும் பெரும்பாலும் ஒரே கதைதான். காலை எட்டேகாலுக்கு வந்த பஸ் இப்போது ஒன்பதரைக்கு வருகிறது. கொரோனா காலத்தில் நிறுத்திய நடையைத் திரும்ப விடவில்லை. மாலை பஸ் ஊருக்குள் வராமல் விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து இருட்டில் நடந்துதான் வீடு சேர வேண்டியிருக்கிறது. ராமநாதபுரமோ, தருமபுரியோ, திருவண்ணாமலையோ, தென்காசியோ... எந்த மாவட்டத்தின் குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும் இந்த மனுவைப் பார்க்கலாம்.

மனு ஆட்சியரிடமிருந்து போக்குவரத்துக் கழகத்துக்குப் போகும். அங்கிருந்து கிளைப் பணிமனைக்குப் போகும். ‘ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு பதில் வரும். இல்லாவிட்டால், ‘அந்தத் தடத்தில் வசூல் இல்லை’ என்று வரும். சில ஊர்களுக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். முதல் பஸ் வரும் நாளில் முகப்பில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சால்வை போர்த்துவார்கள். படத்துடன் செய்தி வரும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் பஸ் வராது. மறுநாளும் வராது. ஏன் நிறுத்தினோம் என்று ஊரைக் கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் மறுபடியும் மனு எழுதுவார்கள்.

இது ஒரு பணிமனையின் குறையோ, ஓர் அதிகாரியின் குறையோ அல்ல. கிராமத்துக்குச் சாலை போடத் திட்டமிடுகிறோம். அந்தச் சாலையில் மக்கள் எப்படிப் போய்வருவார்கள் என்பதை மட்டும் மனுக்களிடம் விட்டிருக்கிறோம். பிரச்னையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சாலைக்கு ஏடு உண்டு, பஸ்ஸுக்கு இல்லை

தமிழ்நாட்டின் பேருந்து வரலாறு பெருமைக்குரியது. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. வசூலுள்ள தடத்தில் கிடைக்கும் லாபம், வசூலில்லாத கிராமத்துத் தடத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதுதான் நாட்டுடைமையின் நியாயம். அந்த நியாயத்தால்தான் இந்தியாவின் பல மாநிலங்களில் காணமுடியாத அளவுக்கு இங்கே பஸ்கள் கிராமங்களுக்குள் நுழைந்தன. இன்று எட்டுக் கழகங்கள் சுமார் 20,000 பேருந்துகளை ஓட்டுகின்றன.

சாலைகளும் வந்தன. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புக்கும் எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலை வேண்டும் என்று விதி வகுத்தது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டத்தில், நாடு முழுக்க 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை போட 70,125 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சாலைத் திட்டத்துக்கு ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு மாவட்டமும் முதலில் ஊரகச் சாலைத் திட்டம் தயாரிக்க வேண்டும். எந்தக் குடியிருப்பு எந்தச் சாலையோடு சேர்கிறது, சந்தையும் பள்ளியும் மருத்துவமனையும் எங்கே இருக்கின்றன என்பதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்த அடிப்படையில்தான் நிதி கேட்க முடியும். ‘உங்கள் ஊருக்கு இன்னும் ஏன் சாலை இல்லை’ என்று கேட்டால், பதில் சொல்ல ஓர் ஏடு இருக்கிறது.

நகரங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. 2006-ல் வந்த தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கைக்குப் பிறகு, மத்திய அரசின் நிதியை எதிர்பார்க்கும் நகரங்கள் ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம் தயாரிக்கின்றன. சென்னைப் பெருநகருக்கென 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அமைப்புதான் கும்டா. மெட்ரோ, புறநகர் ரயில், மாநகரப் பேருந்து ஆகிய எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது அதன் வேலை.

ஆனால் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் வாழும் மக்களுக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஐம்பத்தோரு பேருக்கு மேல் கிராமங்களில்தான் வசிக்கிறார்கள். அவர்களில் யார், எங்கே, எந்த நேரத்தில் போக வேண்டியிருக்கிறது, இன்னும் பத்து ஆண்டில் அது எப்படி மாறும் என்று சொல்லும் கட்டாயமான ஏடு எந்த மாவட்டத்திலும் இல்லை. பஸ் வருவதும் நிற்பதும் வசூலைப் பார்த்து, வண்டி கையிருப்பைப் பார்த்து, ஊழியர் எண்ணிக்கையைப் பார்த்து அன்றன்றைக்கு முடிவாகிறது. ஆள் பற்றாக்குறையான நாளில் முதலில் நிற்பது கிராமத்து நடை. திருவிழாச் சிறப்புப் பேருந்துக்கு வண்டி தேவைப்பட்டாலும் முதலில் கைவைப்பது கிராமத்து நடையில்தான் என்பது மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் புகார்.

————————
பெட்டித் தகவல்: மினி பஸ் கடந்து வந்த வழி

● 1997: பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்காகத் தனியார் மினி பஸ் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது.

● தடத்தின் நீளம் அதிகபட்சம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். மீதி 4 கிலோமீட்டர் மட்டும் ஏற்கெனவே பஸ் ஓடும் பாதையில் போகலாம்.

● விளைவு: பல தடங்கள் பெரிய பஸ் நிலையத்தையோ மருத்துவமனையையோ தொடாமலே முடிந்தன. டீசல் விலை ஏற ஏற, உரிமையாளர்கள் வண்டியை நிறுத்தினார்கள்.

● 2025: புதிய விரிவான மினி பஸ் திட்டம் ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்டது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டராக உயர்ந்தது. அதில் குறைந்தது 65 சதவிகிதம் பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும்.

● மாறாதது: வண்டி ஓட்ட முன்வரும் ஆள் இருந்தால்தான் அந்தத் தடம் உயிர்பெறும்.
————————

ஒரு நடை நின்றால் என்னென்ன நிற்கும்?

ஒரு பஸ் நடை நிற்பது பணிமனையின் பதிவேட்டில் ஒரு வரி. ஊரில் அதன் விளைவு வீடுவீடாக நுழைகிறது.

முதலில் அடிபடுவது படிப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளியை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளியை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் வைக்கச் சொல்கின்றன. எட்டாம் வகுப்பு வரை பிள்ளை நடந்தே போய்விடலாம். அதன் பிறகு பள்ளி தூரமாகிறது; மேல்நிலைப் பள்ளி இன்னும் தூரம்; கல்லூரி அதைவிடத் தூரம். படிக்கப் படிக்கப் பஸ்ஸின் தேவை கூடுகிறது. காலையில் ஐந்தாறு ஊர்களுக்குச் சேர்த்து ஒரே பஸ் என்றால், கடைசி ஊர்ப் பையன் படியில்தான் தொங்க வேண்டும். அந்த ஊர்ப் பெண் பிள்ளையால் அதுவும் முடியாது. மாலை சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்றால், அவள் சிறப்பு வகுப்பை விட வேண்டும். இருட்டில் விலக்கிலிருந்து நடக்க வேண்டும் என்றால், வீட்டில் பள்ளியையே விடச் சொல்கிறார்கள்.

இதை அரசு அறியாததல்ல. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அதை மற்றப் பிள்ளைகளுக்கும் விரித்ததற்குக் காரணம் இந்தத் தூரம்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. கல்லூரியில் சேரப் பணம் கொடுக்கிறோம். முதல் வகுப்புக்கு நேரத்தில் போய்ச்சேர வண்டி விடுவதையும் அதே அக்கறையோடு செய்ய வேண்டாமா?

அடுத்தது பெண்களின் பயணம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் குடும்பத்தில் அது சிலிண்டர் பணம். பிள்ளையின் டியூஷன் பணம். ஆனால் டிக்கெட் இலவசம் என்ற உரிமை, பஸ் வரும் ஊருக்கு மட்டுமே பொருந்தும். பஸ் வராத ஊர்ப் பெண் அதே மாநிலத்தில், அதே வேலைக்கு, ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல திட்டத்தின் பலன் எந்த ஊரோடு முடிகிறது என்பதைத் தடங்களே தீர்மானிக்கின்றன.

போக்குவரத்து பெண்ணின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் மிதித்தார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். யாருக்காகவும் காத்திராமல் ஓரிடத்துக்குப் போய்வர முடிந்ததுதான் அந்தப் பெண்கள் பெற்ற விடுதலை.

மருத்துவத்துக்கு வருவோம். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவு காலையில்தான் முழுமையாக இயங்கும். பத்தரைக்கு ஊரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் போனால் சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பதற்குள் பொழுது போய்விடும். திரும்பி வரப் பஸ் இருக்குமா என்ற கவலை வேறு. இரண்டு நாள் கூலி போய்விடும் என்பதால் நோயைத் தள்ளிப்போடுகிறார்கள். 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் பல உயிர்களைக் காத்திருக்கிறது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் கர்ப்பிணிக்கு ஸ்கேன், முதியவருக்குக் கண் சிகிச்சை, சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் ஆகியவை வீட்டுக்கு வராது.

மலைகளில் நிலைமை இன்னும் கடுமையானது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்து மலையேறினார். அதன் பிறகுதான் அந்த மலைக்குச் சாலை என்பது அவசரமான பேச்சானது. ராசிபுரம் அருகே போதமலையில், ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் மலையேறியதை ஊர் பல ஆண்டுகள் பார்த்தது. அங்கே சாலைக்கு நிதி கிடைத்தது நம் காலத்தில்தான். மரணமோ தேர்தலோ நினைவூட்டிய பிறகு வருகிற சாலையைத் திட்டமிட்ட சாலை என்று சொல்ல முடியாது.

விவசாயியின் கணக்கு விடியலுக்கு முன் தொடங்குகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, சிறு விவசாயி இடைத்தரகர் இல்லாமல் தன் காயைத் தானே விற்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. அதற்குக் கீரைக்கட்டும் கத்தரிக்காய்க் கூடையும் பொழுது புலர்வதற்குள் சந்தையில் இருக்க வேண்டும். அதைச் சாத்தியமாக்கியது நைட் ஹால்ட் பஸ். இரவு கடைசி நடையாக ஊருக்கு வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் ஊரிலேயே படுத்து, விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்பும் வண்டி அது. கடைசி பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பினார்கள். முதல் பஸ்ஸில் பூவும் காயும் பாலும் கிளம்பின. இரவில் தங்குவதற்கு நல்ல அறையும் கழிப்பறையும் இல்லை என்பது ஊழியர்களின் நியாயமான குறை. அதைத் தீர்க்காமல் நைட் ஹால்ட்டை நிறுத்தினால், விவசாயி மறுபடி இடைத்தரகரின் வேனுக்குத்தான் போவார்.

இத்தனை இழப்பையும் கடைசியில் குடும்பம் கடனாக ஏற்கிறது. மாதத் தவணையில் ஒரு பைக் வருகிறது. அதை மகன் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால், அம்மாவும் தங்கையும் பாட்டியும் பழையபடி விலக்கில் நிற்கிறார்கள். பைக் வாங்க முடிந்தவர்கள் பஸ்ஸை விட்டுப் போகப் போக, வசூல் இன்னும் குறைகிறது. வசூல் குறைந்தது என்று இன்னொரு நடை குறைகிறது. கடைசியில், வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களின் குரல்தான் அலுவலகங்களில் மிகக் குறைவாகக் கேட்கிறது.

இருபது ஆண்டு எதற்கு?

இதற்கெல்லாம் தீர்வு, ஒவ்வொரு மாவட்டமும் அடுத்த இருபது ஆண்டுக்கான போக்குவரத்துத் திட்டம் எழுதுவதுதான். அடுத்த மாதம் ஒரு பஸ் விட்டால் போதாதா, இருபது ஆண்டுத் திட்டம் எதற்கு என்று கேட்கலாம்.

ஒரு காரணம், கிராமத்துக்கு வயதாகிறது. 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவிகிதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18.2 சதவிகிதமாக உயரும் என்பது அரசின் கணிப்பு. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்களில் முதியவர்களின் பங்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். இன்று பைக் ஓட்டும் ஐம்பது வயதுக்காரர், இருபது ஆண்டு கழித்துப் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். உயரமான படியில் அவரால் ஏற முடியாது. அன்றைக்குத் தேவைப்படும் தாழ்தள வண்டியை, அன்று காலையில் மனு கொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு காரணம், கட்டுமானங்கள் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர் போகும் சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-ன் இறுதியில் மூடப்பட்டது. ரயில் தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதம். ஏலக்காய் நகரமான போடிக்குத் திரும்பியது 2023 ஜூனில். வேதாரண்யத்து உப்பளங்களை ஒட்டிய அகஸ்தியன்பள்ளிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து போன ரயில் 2004-ல் நின்று, 2023 ஏப்ரலில் மீண்டது. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ரயில் திரும்பி வருவதற்குள் கல்லூரியையே முடித்திருக்கும். ஒரு பாதையை மூடும் நாளிலேயே, ‘திறக்கும் வரை இந்த ஊர் மக்கள் எதில் போவார்கள், திறந்த பிறகு நிலையத்துக்கு எப்படி வருவார்கள்’ என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதியிருக்க வேண்டும். ரயில் நேரத்தையும் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் மேசை மாவட்டத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

தவிர, ஒவ்வொரு துறையும் கட்டடத்துக்கு இடம் தேடும்போது நிலம் எங்கே கிடைக்கிறது என்றுதான் பார்க்கிறது. மக்கள் அங்கே எப்படி வருவார்கள் என்று பார்ப்பதில்லை. புதிய கல்லூரி ஊருக்கு வெளியே போகிறது. ஒருங்கிணைந்த ஆட்சியர் வளாகம் புறவழிச்சாலைக்குப் போகிறது. மனு கொடுக்கப் போவதற்கே இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது.

1,200 பேர் வாழும் மாவட்டமும் ஒரு திட்டமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆல்பைன் என்று ஒரு மலை மாவட்டம் உண்டு. 2020 கணக்கெடுப்பில் அதன் மொத்த மக்கள்தொகை சுமார் 1,200. நம் ஊரில் ஓர் ஊராட்சியின் சில தெருக்கள் அளவு. பனிக்காலத்தில் கணவாய்ச் சாலைகள் மூடப்படும்போது, அதே மாவட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு வேறு மாவட்டங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தச் சின்ன மாவட்டத்துக்கும் தனிப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. குறைந்தது இருபது ஆண்டை முன்வைத்து மண்டலப் போக்குவரத்துத் திட்டம் தயாரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது அதன் சட்டப்படியான கடமை.

அந்தத் திட்டத்துக்கு மூன்று பகுதிகள்: என்ன நோக்கம், என்ன செய்யப்போகிறோம், பணம் எங்கிருந்து வரும். மூன்றாவதுதான் அதன் முதுகெலும்பு. வரக்கூடிய நிதியைக் காட்டாமல் ஆசைகளை மட்டும் அடுக்க முடியாது.

இன்னொரு விதி நமக்கு நேரடியாகவே உதவக்கூடியது. 1971-ல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம், விற்பனை வரியில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்காக மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. கிராமப்புற மாவட்டங்கள் அந்தப் பணத்தைச் சாலைக்குச் செலவிட விரும்பினால், முதலில் பொது விசாரணை நடத்த வேண்டும். எந்த ஊருக்கு, எந்த நோயாளிக்கு, எந்த மாணவருக்குப் பயணத் தேவை நிறைவேறாமல் இருக்கிறது என்று மக்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நிறைவேற்றக்கூடிய தேவை மிச்சமிருந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் சாலைக்குப் பணம்.

அந்த மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மோடாக் மாவட்டத்தில் 9,000 பேர்கூட இல்லை. அங்கிருந்து சேஜ் ஸ்டேஜ் என்ற சிறு பேருந்து, பக்கத்து மாநிலத்தின் ரீனோ நகரம் வரை போகிறது. மருத்துவருக்கும் கடைகளுக்கும் விமான நிலையத்துக்கும் அந்த மக்களுக்கு அதுதான் வழி. வசூலை மட்டும் பார்த்திருந்தால் அந்த வண்டி ஓடியிருக்காது. அங்கேயும் கார் இல்லாதவர்கள் சிரமப்படத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அவர்களின் தேவையைக் கேட்டு எழுதியாக வேண்டிய கடமை ஓர் அமைப்புக்கு இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கிய ‘கிராமவண்டி’ திட்டத்தில், டீசல் செலவை உள்ளாட்சி அமைப்பு ஏற்கிறது. வண்டியையும் ஊழியரையும் அரசுப் போக்குவரத்துக் கழகம் தருகிறது. தடத்தையும் நேரத்தையும் ஊராட்சி சொல்கிறது. இதில் ஊர் விண்ணப்பதாரராக இல்லை, பங்குதாரராக இருக்கிறது.

————————
பெட்டித் தகவல்: சட்டத்தில் இடம் இருக்கிறது

● அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்டி பிரிவு: ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக்குழு. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒன்றுசேர்த்து, மாவட்டம் முழுமைக்குமான வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மக்கள் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

● ஊருக்கும் நகருக்கும் பொதுவான இடத் திட்டமிடலையும், உள்கட்டமைப்பின் ஒருங்கிணைந்த வளர்ச்சியையும் கருத்தில்கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

● பதினோராவது அட்டவணை: ஊராட்சிகளுக்குரிய 29 துறைகளில் 13-வது, சாலை, சிறுபாலம், பாலம், படகுத்துறை, நீர்வழி உள்ளிட்ட போக்குவரத்து வழிகள்.

● தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971: நகரங்களுக்கு மட்டுமல்ல, மண்டலங்களுக்கும் திட்டம் தயாரிக்க வழிசெய்கிறது.
————————

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

மாவட்டப் போக்குவரத்துத் திட்டம் என்றதும் நூறு பக்க அறிக்கையும் வண்ண வரைபடமும் நினைவுக்கு வரலாம். தேவைப்படுவது அதுவல்ல. ஒவ்வொரு குடியிருப்புக்கும் குறைந்தபட்ச உறுதி ஒன்று வேண்டும். அதை நான்கு நடையாகச் சொல்லலாம். சந்தைக்கும் முதல் ஷிஃப்ட்டுக்கும் ஒரு விடியல் நடை. பள்ளி மணிக்கும் வெளிநோயாளிச் சீட்டுக்கும் பொருந்துகிற ஒரு காலை நடை. மருத்துவமனையிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் திரும்புவதற்கு ஒரு பிற்பகல் நடை. வேலைக்கும் கல்லூரிக்கும் போனவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க ஓர் இரவு நடை. இந்த நான்கும் வசூலுக்குக் கட்டுப்படாத நடைகளாக இருக்க வேண்டும். இதற்கு மேலுள்ளவற்றை வசூல் பார்த்து முடிவுசெய்யலாம்.

நான்கையும் பெரிய பஸ்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லை. நாற்பது வீடுகள் உள்ள மலைக் குடியிருப்புக்குப் பன்னிரண்டு இருக்கை வேன் போதும். அது விலக்கில் கொண்டுவந்து விடும் நேரத்துக்கு மப்சல் பஸ் அங்கே நின்று ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த நேர இணைப்புக்குப் பெரிய செலவில்லை. இரண்டு பணிமனைகளும் ஒரு மினி பஸ் உரிமையாளரும் ஒரே அட்டவணையைப் பின்பற்றினால் போதும். இன்று அந்த அட்டவணையை எழுதும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

நிறுத்துவதற்கும் ஒழுங்கு வேண்டும். ஒரு நடையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், ஊராட்சிக்கு எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, கிராம சபையில் காரணம் சொல்லி, மாற்று ஏற்பாடு செய்த பிறகே குறைக்க வேண்டும். மினி பஸ் உரிமம் பெற்றவர் வண்டியை நிறுத்தினால், அந்தத் தடத்தை அரசுக் கழகமோ ஊராட்சியோ ஏற்று நடத்த அனுமதி இருக்க வேண்டும்.

பணம்? போக்குவரத்துக் கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்பது உண்மை. கிராமத்து நடையின் சுமையைக் கழகத்தின் தலையிலேயே போட்டுவிட்டு, பிறகு நட்டத்துக்காகக் கழகத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. மாணவர் பாஸுக்கும் பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்கும் அரசு இப்போதே ஈட்டுத்தொகை தருகிறது. அந்தத் தொகையோடு ‘இந்தக் குடியிருப்புக்கு இத்தனை நடை’ என்ற உறுதியும் ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். நான்கு நடைக்கு ஆகும் செலவைத் தனிக் கணக்காகக் காட்டி, மாநில அரசு நேரடியாகக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுசேர்க்கும் பஸ்ஸிடம் மட்டும் ஏன் லாபம் கேட்க வேண்டும்?

இந்தத் திட்டத்தை அதிகாரிகள் மட்டும் அறையில் உட்கார்ந்து எழுதினால், அதுவும் அலமாரிக்குப் போய்விடும். விவரம் ஊரிடம் இருக்கிறது. எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார், எத்தனை பெண்கள் மில்லுக்குப் போகிறார்கள், எந்தத் தரைப்பாலம் மழைக்காலத்தில் மூழ்கும் என்பதெல்லாம் கிராம சபையில் உட்காரும் மக்களுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கிராம சபையில் ‘பஸ் வேண்டும்’ என்று ஒரு வரியில் தீர்மானம் போடாதீர்கள். உங்கள் ஊருக்குத் தேவையான நான்கு நடை, அவற்றின் நேரம், ஏறும் இடம், போய்ச்சேரும் இடம், பயன்பெறுவோரின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி நிறைவேற்றுங்கள். ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளும் இப்படி எழுதினால், அவற்றைச் சேர்த்துவைத்தாலே மாவட்டத் திட்டத்தின் முதல் வரைவு தயாராகிவிடும். அதன் பிறகு அதை மாவட்டத் திட்டக்குழுவின் முன் வைத்து, ‘இதற்கு எந்த ஆண்டு, எவ்வளவு நிதி’ என்று கேட்கலாம். மனுவுக்கு ‘ஆய்வு செய்யப்படும்’ என்று பதில் சொல்லிவிட முடியும். மக்கள் எழுதிய திட்டத்துக்கு ஆண்டையும் தொகையையும் குறித்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.